ஸ்டில் என்றாலும் இன்னும், யெட் என்றாலும் இன்னும்

சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் பெற்றோர் என்னைக் கடைத்தெருவிலும் பள்ளிவாசல் படியிலும் மறித்துக் கேட்பது ஒரே கேள்விதான். "சேர், புள்ளைக்கு இங்கிலிஸ் ஓடுதில்ல. எந்த டிக்ஷனரி வாங்கிக் குடுக்கிற?" நான் சொல்கிற பதிலும் ஒன்றுதான். டிக்ஷனரி பிறகு வாங்கலாம். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை வாயில் வருகிற சின்னச் சொற்களை முதலில் பிடிக்க வேண்டும். பெரிய சொல் தெரியாவிட்டால் பிள்ளை அதை விட்டுவிட்டு வேறு மாதிரி எழுதிவிடும். சின்னச் சொல் பிழைத்தால் வசனமே பிழைத்துவிடும்.

அப்படி ஒரு சொல்தான் ஸ்டில். தமிழில் இன்னும். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். இலக்கணத்தில் தொடங்குகிறேன், ஆனால் இது எங்கள் ஊர்க் கதையும்தான்.

ஸ்டில்லுக்கு நான்கு வேலைகள் உண்டு.

முதலாவது, ஒரு காரியம் நிற்காமல் தொடர்கிறது என்று சொல்வது. காலையில் தொடங்கிய மழை மத்தியானமும் பெய்கிறது. "இட் இஸ் ஸ்டில் ரெயினிங்." இன்னும் பெய்கிறது.

இரண்டாவது, கூடுதலாக என்று சொல்வது. இது நல்லது, அது "ஸ்டில் பெட்டர்". இன்னும் நல்லது. இந்த இரண்டு இடத்திலும் ஸ்டில்லும் இன்னும் என்ற சொல்லும் அச்சொட்டாகப் பொருந்தும். பிள்ளைகளுக்கு இதில் கஷ்டமே இல்லை.

மூன்றாவது வேலையில் இரண்டும் பிரிந்துவிடும். "மழை அடித்து ஊற்றியது. ஸ்டில், பிள்ளைகள் பாடசாலைக்கு வந்தார்கள்." இங்கே இன்னும் என்று போட்டால் வசனம் நொண்டும். ஆனாலும், இருந்தாலும் என்றுதான் வரவேண்டும்.

நான்காவது, அசையாமல் இருப்பது. வகுப்பில் துள்ளுகிற பிள்ளையிடம் "சிட் ஸ்டில்" என்கிறோம். அசையாத படத்தை ஸ்டில் என்கிறோம். உண்மையில் இதுதான் அந்தச் சொல்லின் மூத்த பொருள். பழைய ஆங்கிலத்தில் அது அசைவில்லாமல், சத்தமில்லாமல் இருப்பதைக் குறித்தது. அசையாமல் இருப்பது என்றால் இருந்த இடத்திலேயே இருப்பது. இருந்த இடத்திலேயே இருப்பது என்றால் முன்பு போலவே தொடர்வது. அப்படித்தான் காலப்போக்கில் இன்னும் என்ற பொருள் அதற்குள் வந்து சேர்ந்தது. என்ன நடந்தாலும் தொடர்கிறது என்ற இடத்திலிருந்து ஆனாலும் என்ற பொருளும் வந்தது. பிள்ளைகளுக்கு இந்த வரிசையில் சொல்லிக் கொடுத்தால் நான்கையும் தனித்தனியாகப் பாடமாக்கத் தேவையில்லை.

இனி, பிள்ளைகள் புள்ளி இழக்கிற இடத்துக்கு வருகிறேன்.

"அவன் இன்னும் வரல்ல." இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் வகுப்பில் பாதிப்பேர் "ஹீ டிட் நொட் கம் ஸ்டில்" என்று எழுதுவார்கள். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. தமிழ் யோசனையை அப்படியே கொண்டுபோய் வைத்திருக்கிறது. சிங்களப் பிள்ளைகளும் இதே பிழையைத்தான் விடுவார்கள், ஏனென்றால் சிங்களத்திலும் "தாம ஆவே நா" என்று ஒரே சொல்தான். வந்துகொண்டே இருந்தாலும் தாம, வராவிட்டாலும் தாம. இந்த விஷயத்தில் இரண்டு மொழிக்காரரும் ஒரே வாங்கில் இருக்கிறோம்.

ஆங்கிலம் மட்டும் இந்த இடத்தில் எங்களை நிறுத்தி வைத்து ஒரு கேள்வி கேட்கும். எந்த இன்னும்? யெட்டா, ஸ்டில்லா?

யெட் என்றால் வசனத்தின் கடைசியில் வரும். "ஹீ ஹாஸ் நொட் கம் யெட்." ஸ்டில் என்றால் முன்னுக்கு வரும். "ஹீ ஸ்டில் ஹாஸ் நொட் கம்." இரண்டும் சரியான வசனம், இரண்டுக்கும் புள்ளி உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

முள்ளியவளையில் வவுனியா பஸ்ஸுக்கு நிற்கிறீர்கள் என்று வையுங்கள். பஸ் ஏழு மணிக்கு. ஏழுக்கு ஐந்து நிமிசம் இருக்கும்போது ஒருவர் ஓடிவந்து கேட்கிறார். "இன்னும் வரல்ல" என்கிறீர்கள். அது யெட். நேரம் இருக்கிறது, வரும். எட்டு மணிக்கு வீட்டிலிருந்து கோல் வருகிறது. "இன்னும் வரல்ல" என்கிறீர்கள். அது ஸ்டில். வரவேண்டிய நேரம் போய்விட்டது, நான் நின்றுகொண்டே இருக்கிறேன், எனக்குப் பொறுமை போகிறது. சொல் ஒன்றுதான். இரண்டுக்கும் நடுவே ஒரு மணித்தியாலமும் ஒரு மனிதனின் கால் வலியும் இருக்கின்றன.

அப்படியென்றால் தமிழுக்கு இந்த வித்தியாசம் தெரியாதா? நன்றாகத் தெரியும். தமிழ் அதைக் குரலில் வைத்திருக்கிறது. "இன்னும் வரல்லயா?" என்று கேட்டால் சாதாரண விசாரிப்பு. "இன்னுமா வரல்ல?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஆ என்ற ஓசை வினைச்சொல்லிலிருந்து கழன்று இன்னும் என்ற சொல்லில் போய் ஒட்டியவுடன் கேள்வியே மாறிவிடுகிறது. ஆச்சரியம், சலிப்பு, சில வேளை கோபம். இன்னமும் என்று இழுத்தால் இன்னும் கனக்கும். பக்கத்து வளவில் "இன்னும் வரேல்லை" என்பார்கள், எங்கள் வீடுகளில் "இன்னும் வரல்ல" என்போம், ஆனால் அந்த இழுவை இரண்டு வீட்டிலும் ஒன்றுதான்.

அரபு இலக்கணம் படித்தவர்களுக்கு இன்னொன்று நினைவு வரும். லம் என்றால் நடக்கவில்லை. லம்மா என்று வந்தால் இந்த நிமிசம் வரை நடக்கவில்லை, ஆனால் நடக்கும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. சூரா ஹுஜுராத்தின் 14ஆவது ஆயத்தில் ஈமான் உள்ளத்தில் நுழைவதைப் பற்றிச் சொல்லும் இடத்தில் இந்த லம்மாதான் வருகிறது என்று மத்ரஸாவில் உஸ்தாத்மார் எடுத்துக் காட்டுவார்கள். கதவு அடைபடவில்லை என்பதை அந்த ஒரு எழுத்துக்கூட்டம் சொல்லிவிடுகிறது. ஸ்டில்லின் நீளமும் யெட்டின் நம்பிக்கையும் சேர்ந்த ஒரு சொல் அது. தமிழில் நாங்கள் குரலால் செய்கிறதை அரபு எழுத்திலேயே செய்துவிடுகிறது.

குரல் இருக்கும்வரை எங்களுக்குப் பிரச்சினை இல்லை. கடதாசியில் குரல் இல்லை. பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

பாடசாலைத் தேர்ச்சி அறிக்கையை எடுங்கள். ஆறாம் தரத்துக்கு வந்த பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை. ஆசிரியர் "இன்னும் வாசிக்கத் தெரியாது" என்று எழுதுகிறார். வீட்டில் வாப்பா அதை எந்தக் குரலில் வாசிப்பார்? "இவ்வளவு காலம் போயும் தெரியாது" என்ற குரலில் வாசித்தால் அன்று இரவு பிள்ளைக்கு அடி. "இதுவரை வரவில்லை, வரும்" என்ற குரலில் வாசித்தால் அன்று இரவு பிள்ளைக்குப் பக்கத்தில் ஒருவர் புத்தகத்தோடு உட்காருவார்.

கரோல் ட்வெக் என்று அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து உளவியல் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். சிக்காகோவில் ஒரு உயர்பாடசாலையில் சித்தியடையாத பாடத்துக்கு "நொட் யெட்" என்று தரம் போடுவதாகக் கேள்விப்பட்டு, அதைப் பற்றி 2014 இல் ஒரு உரையில் சொன்னார். தோல்வி என்று போட்டால் பிள்ளை தன்னை ஒன்றுக்கும் உதவாதவன் என்று நினைக்கும், நொட் யெட் என்று போட்டால் தான் பாதிவழியில் நிற்பதாக விளங்கிக்கொள்ளும் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். எங்களுக்கு இது அமெரிக்கக் கதையாக இருக்கத் தேவையில்லை. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே முதலாம் தரம் படித்த பிள்ளைகள் இருந்த மாவட்டங்கள் இவை. எழுத்துக் கூட்டவேண்டிய வயதில் பதுங்குகுழிக்குள் இருந்த பிள்ளைகள், பிறகு எழுத்துக் கூட்டி, இன்று அரச உத்தியோகம் பார்க்கிறார்கள். அவர்களைப் பார்த்து ஒரு காலத்தில் யாரோ ஒருவர் யெட் என்று நினைத்தபடியால்தான் அது நடந்தது.

இப்போது எங்கள் கதை.

1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் ஆட்களும் அதில் அடக்கம். எனக்கு அப்போது ஆறு வயது. பெரும்பாலானவர்களைப் போல நாங்களும் புத்தளத்துக்குப் போனோம். ஓலைக் கொட்டிலில் தொடங்கி, கல்வீடு வரை அங்கேயே வளர்ந்தேன்.

2002 இல் யுத்தநிறுத்தம் வந்து ஏ9 வீதி திறந்தபோது புத்தளத்தில் சந்தையிலும் கிணற்றடியிலும் ஒரு கேள்வி கேட்கத் தொடங்கியது. "நீங்க இன்னும் போகல்லயா?" கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. பன்னிரண்டு வருடம் தண்ணீரையும் பாடசாலை வாங்கையும் ஆஸ்பத்திரி வரிசையையும் எங்களோடு பங்கிட்டவர்கள். ஆனாலும் அந்த இன்னும் எங்கள் உம்மம்மாவுக்குக் குத்தும். அவ பதில் சொல்லமாட்டா. வீட்டுக்கு வந்து, தண்ணீரூற்றுக் காணியைப் பற்றி யாராவது கதை எடுத்தால் மட்டும் சொல்லுவா: "அது இன்னும் நம்மட காணிதான்."

அந்த இரண்டு இன்னும் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். சந்தையில் கேட்டது எங்களை விருந்தாளியாக்கியது. உம்மம்மா சொன்னது எங்களைச் சொந்தக்காரராக்கியது. ஒரே சொல்தான்.

யுத்தம் முடிந்து 2009 க்குப் பிறகு திரும்பி வரத் தொடங்கினோம். அப்போது இடம்பெயர்ந்தவர்களை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். 2008 ஏப்ரலுக்கு முன் இடம்பெயர்ந்தவர்கள் பழையவர்கள், பின் இடம்பெயர்ந்தவர்கள் புதியவர்கள். புதியவர்களுக்கு முன்னுரிமை. முகாமில் அடைபட்டுக் கிடந்த சனத்துக்கு முதலில் கொடுத்ததில் எனக்குக் குறை இல்லை. ஆனால் பழையவர்கள் என்ற பெயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வீடு இல்லாமல் இருபது வருடம் போனால் தேவை கூடத்தானே வேண்டும்? கடதாசியில் அது குறைந்துவிட்டது. போனபோது ஒரு குடும்ப அட்டையாக இருந்தது, வந்தபோது மூன்று குடும்பமாக இருந்தோம். காணி மட்டும் அதே ஒன்று.

வந்த புதிதில் ஒரு அலுவலகத்தில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் கேட்டார். "நீங்கள் இன்னும் புத்தளத்திலதானே இருக்கிறீங்கள்?" ஒரு சொல் மாறவில்லை. அங்கே இருக்கும்போது ஏன் இன்னும் போகவில்லை என்று கேட்டார்கள். இங்கே வந்தபோது இன்னும் அங்கேதானே என்று கேட்டார்கள். வீடு இல்லாதவன் வீடு கட்டும்வரை பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பான்? பாதிக் குடும்பம் அங்கேயும் பாதிக் குடும்பம் இங்கேயுமாகத்தான் நாங்கள் பல வருடம் இருந்தோம். உம்மம்மாவின் கபுறு புத்தளத்தில் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு ஆம் என்று சொன்னாலும் பாதி உண்மை, இல்லை என்று சொன்னாலும் பாதி உண்மை. படிவத்தில் இரண்டுக்கும் நடுவே கட்டம் இருக்கவில்லை.

ஸ்டில்லின் மூன்றாவது வேலையையும் அந்தக் காலத்தில்தான் கண்டேன். ஆனாலும் என்ற வேலை. காடு பற்றிக் கிடந்த காணியை வெட்டத் தொடங்கிய முதல் நாள், இரண்டு வளவு தள்ளி இருந்த தமிழ்க் குடும்பம் ஒரு போத்தலில் பிளேன்ரீ கொண்டுவந்து தந்தது. அவர்கள் வீட்டிலும் 2009 இல் ஆள் இழப்பு. கூரைக்குத் தறப்பாள்தான். ஆனாலும் தேத்தண்ணி வந்தது.

இந்தச் சொல்லைப் பற்றி எழுதவேண்டும் என்று நான் நினைத்ததற்குக் காரணம் வேறு ஒன்று.

எங்கள் பகுதியில் ஆங்கிலம் தெரிந்த வாத்தியார் என்றால் கடிதம் எழுதிக் கேட்டு ஆட்கள் வருவார்கள். காணிக் கடிதம், வெளிநாட்டுக் கடிதம், வங்கிக் கடிதம். சில காலத்துக்கு முன் ஒரு அம்மா வந்தார். மகனை 2009 மே மாதத்தில் கடைசியாகக் கண்டவர். 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். சில நாட்களில் வவுனியாவிலும், மார்ச்சில் முல்லைத்தீவிலும் தொடங்கியது. அந்தக் கொட்டில்களில் படத்தைப் பிடித்தபடி இருந்த எத்தனையோ தாய்மாரில் இவரும் ஒருவர். ஒரு வெளிநாட்டு அமைப்புக்கு ஆங்கிலத்தில் கடிதம் வேண்டும் என்றார்.

பெயர், வயது, திகதி எல்லாம் எழுதினேன். பிறகு அவர் சொன்னார்:

"என்ர பிள்ளை இன்னும் வரேல்லை எண்டு எழுதுங்கோ தம்பி."

பேனாவை வைத்துவிட்டுக் கேட்டேன். "அம்மா, இங்கிலிசில இதை ரெண்டு மாதிரி எழுதலாம். ஒண்டு, இதுவரைக்கும் வரல்ல, வருவார் எண்ட மாதிரி. மற்றது, இவ்வளவு காலமாகியும் வரல்ல எண்டு கேக்கிற மாதிரி. எதை எழுதுறது?"

அவர் கொஞ்சநேரம் யோசித்தார். "முதலாவதை மட்டும் எழுதினா, அவசரமில்லை, இவ பாத்துக்கொண்டு இருப்பா எண்டு நினைப்பினம். ரெண்டாவதை மட்டும் எழுதினா, மனுசி நம்பிக்கை விட்டிட்டுது எண்டு நினைப்பினம். ரெண்டையும் எழுதுங்கோ."

பிறகு எழும்பும்போது சொன்னார். "உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லைத்தானே தம்பி. நீங்களும் இருவது வருசம் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்."

இரண்டையும் எழுதினேன். அவர் இன்னும் காத்திருக்கிறார் என்பதற்கு ஸ்டில். மகன் வரவில்லை என்பதற்கு யெட். ஒரே பந்தியில் அடுத்தடுத்த வசனம். இலக்கணப் புத்தகம் எதையும் திறக்காத அந்த அம்மா கேட்டது லம்மாவைத்தான்.

காணாமல் போனோருக்கான அலுவலகத்தை அமைக்கும் சட்டம் 2016 இல் வந்தது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாக ஆளைக் காணவில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழ் கொடுக்கவும் அதே வருடத்தில் சட்டம் வந்தது. மரணச் சான்றிதழ் வாங்கமாட்டோம் என்று சொன்ன தாய்மாரைப் பிடிவாதக்காரர் என்று நினைப்பவர்கள் உண்டு. மரணச் சான்றிதழில் யெட்டுக்கு இடமில்லை என்பதை அவர்கள் எல்லோருக்கும் முன்னே விளங்கிக்கொண்டார்கள். மற்றச் சான்றிதழில் இடம் இருக்கிறது, ஆனால் ஸ்டில்லுக்குப் பதில் இல்லை. எங்கே, யார், ஏன் என்று கேட்கும் ஸ்டில் அது. அந்தக் கேள்வியோடு போராட்டக் கொட்டிலில் இருந்தபடியே கண்ணை மூடிய தாய் தகப்பன்மார் பலர்.

இனி, பெற்றோருக்கும் பெரியவர்களுக்கும் நான் சொல்ல வருவது.

பிள்ளைகளிடம் யெட்டைப் பாவியுங்கள். "இன்னும் தெரியாதா?" என்று கேட்பதை விட்டு, "இதுவரைக்கும் வரல்ல, இந்தத் தவணைக்குள்ள வரும்" என்று சொல்லுங்கள். வாய்ப்பாடாக இருந்தாலும் சரி, வாசிப்பாக இருந்தாலும் சரி.

அலுவலகங்களிடம் ஸ்டில்லைப் பாவியுங்கள். அதிலும் தனியாக விடாதீர்கள், திகதியோடு பாவியுங்கள். "எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை" என்று எழுதினால் நேற்றுக் கேட்டவன் மாதிரி இருக்கும். "இந்த மாதம் இத்தனையாம் திகதி விண்ணப்பித்தோம், இத்தனையாம் திகதி நினைவூட்டினோம், இன்றுவரை கிடைக்கவில்லை" என்று எழுதினால் கடதாசிக்கும் குரல் வந்துவிடும். தமிழில் எழுதினாலும் சரி, சிங்களத்தில் எழுதினாலும் சரி, இதே முறைதான். கொடுத்த கடிதத்தின் பிரதியில் முத்திரை குத்தி வாங்குங்கள். அந்த முத்திரைதான் உங்கள் ஸ்டில்லுக்குச் சாட்சி.

ஒருவரை ஒருவர் விசாரிக்கும்போது அந்தச் சொல்லைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள். புத்தளத்திலிருந்து வந்துபோகிற குடும்பத்திடம் "இன்னும் அங்கதானா?" என்று கேட்காமல் "எப்ப வந்தீங்க, எப்படி இருக்கிறீங்க?" என்று கேட்கலாம். படம் வைத்திருக்கிற வீட்டில் "இன்னுமா தேடுறீங்க?" என்று கேட்காமல் பேசாமல் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம்.

பரீட்சைப் பிள்ளைகளுக்குச் சுருக்கமாக: எதிர்மறை வசனத்தில் யெட் கடைசியில், ஸ்டில் முன்னுக்கு. "டிட் நொட் கம் ஸ்டில்" என்று எழுதவே கூடாது. ஸ்டில், யெட், ஓல்ரெடி மூன்றையும் வைத்து ஆளுக்குப் பத்து வசனம் எழுதிக்கொண்டு வாருங்கள். ஊரைப் பற்றிய வசனமாக இருக்கட்டும், புத்தகத்து லண்டன் பஸ் வேண்டாம்.

கடிதம், விண்ணப்பம் எழுத உதவி வேண்டியவர்கள் வழமைபோலப் பாடசாலை விட்ட பிறகு வரலாம். பழைய கடிதங்கள், பதிவுத் துண்டுகள், முத்திரை குத்திய பிரதிகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுவாருங்கள். திகதி முக்கியம்.